செல்ஃப் எடுக்காத ஜீப்

போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன்பே ஜீப்புகள் விழித்துக்கொள்கின்றன. ஏலத்தோட்டத் தொழிலாளர் தூக்குச்சட்டியும் போர்வையுமாக அவற்றில் ஏறி, முந்தலைக் கடந்து, போடிமெட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் வழியே இடுக்கி மாவட்டத்து ஏலக்காடுகளை அடைகின்றனர். அவ்வேளையில் ஓட்டுநர் சாவியைத் திருப்ப, எஞ்சின் அசையாது நின்றுவிட்டால், ஒரு வண்டி நிறைந்த மக்களின் அன்றைய கூலி போய்விடும்.

ஆகவே, இதைப் பற்றிப் பங்குக் குரு எழுதுவானேன் என்று எவரும் வியக்க வேண்டாம். "சாமி, செல்ஃப் எடுக்கலைங்க" என்ற குரலைக் கேட்டுப் பலமுறை விடியற்காலையில் வெளியே வந்திருக்கிறேன். மலைப் பங்குகளில் பழைய ஜீப் ஓட்டிப் பழகிய எனக்கு அக்குரல் அந்நியமானதன்று.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எஞ்சின் சுழன்றும் பற்றவில்லையென்றால் எரிபொருளையோ காற்றையோ ஆராய வேண்டும். சுழலவே இல்லையென்றால் டீசலைச் சோதிப்பதால் பயனில்லை. பேட்டரி, கம்பி இணைப்புகள், செல்ஃப் மோட்டார், இறுதியாக எஞ்சின் என்ற வரிசையில் பார்க்க வேண்டும்.

முகப்பு விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கி, டகடகவென்று ஒலி கேட்டால், பெரும்பாலும் பேட்டரி சோர்ந்திருக்கிறது. அல்லது அதன் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த உப்பு மின்சாரத்தைத் தடுக்கிறது. நல்ல பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். சாவியைத் திருப்பும்போது 10 வோல்ட்டுக்கும் வெகுவாகக் கீழே இறங்கினால் அதனை ஐயுறலாம். விளக்கு மங்காமல், ஒலியும் எழாவிட்டால், சாவி சுவிட்சையும் அதிலிருந்து செல்லும் கம்பியையும் பாருங்கள். விளக்கு மங்காமல் 'டக்' என்று ஒரே ஒலி கேட்டால் செல்ஃப் மோட்டார்மீது ஐயம் எழுவது இயல்பே.

ஆனால், அந்த ஐயத்தையே தீர்ப்பாக்கிவிடலாகாது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். செல்ஃப் மோட்டாரை மாற்ற வேண்டுமென்று யாரோ சொல்லிவிட்டனர். மனைவியின் சங்கிலியை அடகு வைப்பதாக இருந்தார். "பொறு தம்பி, ஒன்று மட்டும் பார்த்துவிடுவோம்" என்றேன். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, தடித்த கம்பியொன்றால் பேட்டரியின் எதிர்முனையை எஞ்சினின் வெற்று இரும்போடு இணைத்தோம். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமி எழுந்தது!

காரணம் எளிது. எஞ்சினையும் வண்டியின் சட்டத்தையும் இணைக்கும் எர்த் கம்பி மலைப்பனியில் துருவேறி இற்றுப்போயிருந்தது. விளக்கின் மின்சாரம் சட்டத்தின் வழியே தனியாகத் திரும்பிவிடுகிறது. ஆகவே விளக்கு ஒளிர்ந்தது. செல்ஃப் மோட்டாரோ எஞ்சினோடு பொருத்தப்பட்டது. அது இழுக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர் மின்சாரம் அந்த எர்த் கம்பி வழியாகவே திரும்ப வேண்டும். புதுக் கம்பியோடு வேலை முடிந்தது. சங்கிலி கழுத்திலேயே இருந்தது.

இவையெல்லாம் சரியாயிருந்தும் எஞ்சின் அசையாவிடில், கிராங்க் புல்லியின் நட்டை ஸ்பேனரால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். அசைய மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். வண்டி வெள்ளத்தில் இறங்கியிருந்தால் சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கலாம். நீர் காற்றைப்போல் சுருங்காது. பலவந்தப்படுத்தினால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும்.

அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1911-இல் மின்சார செல்ஃபை உருவாக்க, 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் அது இடம்பெற்றது. அதற்குமுன் கைப்பிடியைச் சுழற்றித்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும். அது எதிர்த்து உதைத்துக் கை முறிந்தோர் பலர். நம் மலைகளில் ஓடிய பழைய ஜீப்புகளிலும் அக்கைப்பிடி உண்டு. முதியோர் அதை அறிவர்.

இன்று அதைவிட அஞ்ச வேண்டியது, ஆட்களை ஏற்றிக்கொண்டு சரிவில் வண்டியை உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யும் வழக்கம். எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்குத் துணைசெய்யும் பூஸ்டர் விரைவில் வலுவிழக்கும். பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். கொண்டை ஊசி வளைவுக்கு மேல் இத்துணிச்சல் வேண்டவே வேண்டாம். ஒரு நாள் கூலியை மறுநாள் ஈட்டலாம். உயிரை ஈட்ட இயலாது.

மாதம் ஒருமுறை பேட்டரி முனைகளைத் துடைத்து, இறுக்கி, வாஸ்லின் பூசுங்கள். எர்த் கம்பியின் இரு நுனிகளையும் சுரண்டித் துருவகற்றுங்கள். அரைமணி நேர வேலைதான். பழுதுற்றால், எதையும் விலைகொடுத்து வாங்குமுன் வரிசையாகச் சோதித்தறியுங்கள். ஊகத்துக்குக் கொடுக்கும் பணம் பிள்ளைகளின் தட்டிலிருந்து எடுக்கப்படுவது அன்றோ!