ஜிப்ஸிக்கு ஒரு பந்தல்

“பூரா யா ஆதா?”

கரோல் பாக்கில் அந்த மாஸ்டர்ஜி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். முழுசா, பாதியா? தில்லியில் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருப்பவர் எல்லோரும் மாஸ்டர்ஜிதான். இவர் தைப்பது ஜீப்புக்கும் ஜிப்ஸிக்கும் ‘ஹுட்’. என் வண்டி 2012-ஆம் வருட மாருதி ஜிப்ஸி, சாஃப்ட் டாப். 2023-ல் இரண்டாம் கையாக வாங்கியபோது அதன் முழு ஹுட் வெயிலில் வெந்து, தையல் விட்டு, பின்பக்கத்து பிளாஸ்டிக் ஜன்னல்கள் மஞ்சளித்து அப்பளமாகியிருந்தன.

பாதி என்றால் என்ன என்று அவரே விரலால் காற்றில் வரைந்து காட்டினார். முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பில் தொடங்கும். முன் இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் குழாய் வளைவைச் சுற்றிக்கொண்டு முடிந்துவிடும். பக்கங்களில் எதுவும் கிடையாது. பின்னிருக்கைகள் வானம் பார்த்தவை. எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

“மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் வண்டியைக் கொண்டு வாருங்கள் சார்” என்றார். ஏன் என்பது மே மாத வெயிலில் நின்றபோது புரிந்தது. ரெக்ஸின் சூட்டில் இளகும். இளகியிருக்கும்போதே இழுத்துக் கட்டினால்தான் விறைப்பு நிற்கும். அவர் சாக்குக்கட்டியால் நடுக்கோடு போட்டு, நடுவிலிருந்து இரு ஓரங்களுக்குமாக இழுத்துக்கொண்டே போனார். அளவெடுத்ததைவிட இரண்டு விரற்கடை குறைத்தே வெட்டியிருந்தார். கடைசி பக்கிளை மாட்டிவிட்டு மேலே ஒரு தட்டுத் தட்டினார். தவில் போலச் சத்தம் வந்தது. “டிசம்பரில் கழற்றாதீர்கள், கழற்றினால் பட்டன் எட்டாது” என்றார். அப்படியே ஆயிற்று. அந்தக் குளிர்காலத்தில் ஒரு காலை கழற்றி உதறினேன். திரும்ப மாட்டும்போது டிச் பட்டன் ஒவ்வொன்றும் தன் குமிழுக்கு அரை விரற்கடை எட்டாமல் நின்றது. மதியம் வரை காத்திருந்தேன்.

“இந்தப் பாதி யார் யோசனை மாஸ்டர்ஜி?”

“அமெரிக்கன் ஸ்டைல் சார்.”

அந்தப் பதில் என்னோடு வீடு வரை வந்தது, உறங்கவிடவில்லை. அங்கிருந்துதான் தேட ஆரம்பித்தேன்.

அமெரிக்காவில் இதற்கு ‘பிகினி டாப்’ என்று பெயர். பெயரின் வயதைக் கண்டுபிடிப்பது எளிது. 1946 ஜூலையில் பசிபிக்கின் பிகினி தீவில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. சில நாட்களில் பாரிஸில் லூயி ரெயார் தன் நீச்சலுடைக்கு அந்தத் தீவின் பெயரை வைத்தார். ஆகவே இந்தப் பெயர் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஜீப் ஹுட்டுகளுக்குப் பேர்போன பெஸ்டாப் நிறுவனம் கொலராடோவின் போல்டர் நகரில் தொடங்கியது 1954-ல். கடற்கரையும் விடுமுறையும் இளைஞர்களுமாக ஒரு படம் கிடைக்கிறது. மாஸ்டர்ஜி சொன்னது சரி என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெயருக்கு முந்திப் பொருள் இருந்திருக்கக் கூடுமே.

மாயாபுரிக்குப் போனேன். மேற்குத் தில்லியின் பழைய இரும்புச் சந்தை அது. 2010-ல் கோபால்ட்-60 கதிர்வீச்சு விபத்தால் உலகமே அறிந்த இடம். வண்டிக்காரர்களுக்கு அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே தெரிந்த இடம். ஒரு கடையின் பின்கட்டில், அச்சுகளுக்கும் கியர் பெட்டிகளுக்கும் அடியில், ஒரு பழைய ஜீப்பின் ஹுட் வளைவுகள் இரண்டு கிடந்தன. வில் மாதிரி வளைந்த மெல்லிய குழாய்கள். கடைக்காரர் அவற்றை எடுத்து, உடம்பில் எப்படிப் பொருந்தும், வேண்டாதபோது எப்படிப் பின்னால் மடங்கிப் படுக்கும் என்று காட்டினார். எத்தனை எளிய பொறி! பக்கத் திரைக்கான கம்பியோ கதவுக்கான சட்டமோ அதில் எதுவுமில்லை.

அன்றிரவு இரண்டாம் உலகப் போர்க் கால ஜீப்பின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 1941-ல் வந்த வில்லிஸ் எம்பி. வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளிய வண்டி. அதனோடு வந்த கித்தான் கூரை தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னும் மட்டும்தான். பக்கங்கள் திறந்தவை. கதவு கிடையாது. குளிர்ப் பிரதேசங்களுக்கென்று பக்கத் திரைகளும் கித்தான் கதவுகளும் பிறகு தனியாகச் சேர்க்கப்பட்டன. இவ்வளவு நாளும் நான் தலைகீழாக நினைத்துக்கொண்டிருந்தேன். முழுதிலிருந்து வெட்டி எடுத்ததுதான் பாதி என்று எண்ணியிருந்தேன். உண்மையில் முதலில் பிறந்தது கூரை. சுவர்கள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை.

தில்லி இந்தக் கதைக்கு வெளியே இல்லை. சீனா–பர்மா–இந்தியா போர்முனைக்கான அமெரிக்கப் படையின் பின்தளத் தலைமையகம் புதுதில்லியில்தான் இருந்தது. அமெரிக்கச் சிப்பாய்கள் தங்களுக்காக ‘ரவுண்டப்’ என்ற வாரப் பத்திரிகையை 1942 செப்டம்பர் முதல் இங்கிருந்தே நடத்தினார்கள். 1945 ஜனவரி 12 அன்று அஸ்ஸாமின் லேடோவிலிருந்து புறப்பட்ட முதல் வாகன வரிசை பிப்ரவரி 4 அன்று குன்மிங் போய்ச் சேர்ந்தது; அந்தச் சாலையில் ஜீப்புகளும் ஓடின. அதே 1945-ல் லூதியானாவில் மஹிந்திரா அண்ட் முகமது தொடங்கப்பட்டது; 1947-ல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்ட ஆரம்பித்தார்கள். ஆக இந்தக் கூரை இந்தியாவுக்கு விடுமுறைப் பொருளாக வரவில்லை. சேறும் கொசுவும் மழையும் கொண்ட காட்டுச் சாலைகளின் வழியாக வந்தது.

என் ஜிப்ஸியின் வழி வேறு. ஜப்பானில் 1968-ல் வந்த ஹோப்ஸ்டார் என்ற சின்னஞ்சிறு வண்டியின் உரிமையை சுஸுகி வாங்கி, 1970-ல் எல்ஜே10 என்று வெளியிட்டது. இன்ஜின் 359 சிசிதான். அதன் வம்சத்தில் வந்த எஸ்ஜே410, 1985 டிசம்பரில் குர்காவ்ன் ஆலையிலிருந்து ஜிப்ஸியாக வெளியே வந்தது. பிறகு ராணுவம் அதை ஆயிரக்கணக்கில் எடுத்துக்கொண்டது. ஊர் மாறினாலும் கூரை பற்றிய எண்ணம் மாறவில்லை: உடம்பு இரும்பு, தலைக்கு மேல் துணி.

இதையெல்லாம் தேடிக்கொண்டிருந்தபோது என் ஊரான போடியின் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. விடிகாலையில் போடிமெட்டு ஏறி ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் ‘படுதா’. மழை இல்லாத நாளில் டிரைவர் அண்ணன் பக்கப் படுதாக்களைச் சுருட்டிக் கயிற்றால் கட்டிவிடுவார். தலைக்கு மேல் மட்டும் ஒன்று இருக்கும். அதை யாரும் பாதி என்று சொன்னதில்லை. கல்யாண வீட்டு வாசலில் நான்கு கால் நட்டு மேலே கீற்று வேய்ந்தால், அதைச் சுவரில்லாத வீடு என்றா சொல்கிறோம்? பந்தல் என்கிறோம். அதற்கென்று தனிச்சொல் வைத்திருக்கும் மொழியில் பிறந்தும், மாயாபுரி வரை போய்த்தான் எனக்கு இது விளங்கியது. ‘டார்பாலின்’ என்ற சொல் இந்திக்குப் போய் ‘திர்ப்பால்’ ஆயிற்று. நாம் அதில் தாரையும் நம்முடைய பாயையும் கேட்டு ‘தார்ப்பாய்’ என்றோம். மேலே விரிப்பது எதுவானாலும் நமக்குப் பாய்தான் போலும்.

பந்தலோடு வாழ்வது அத்தனை சுலபமில்லை. 2024 ஜூன் 28 அதிகாலை தில்லியில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 24 மணி நேரத்தில் சஃப்தர்ஜங்கில் 228.1 மில்லிமீட்டர். காலையில் கீழே இறங்கிப் பார்த்தபோது என் ஹுட் நடுவில் தொந்தி போட்டு, குடங்குடமாக நீரைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதைவிட, தையல் வரிசை நெடுகச் சொட்டுச் சொட்டாக ஒழுகியதுதான் எனக்குப் புதிர். மாஸ்டர்ஜியிடம் கேட்டேன். பழைய ராணுவ ஹுட் பருத்திக் கித்தான். பருத்தி நூலால் தைத்தது. நனைந்ததும் துணி ஊறி இறுகும், நூல் உப்பி ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும். ஆனால் மக்கிப்போகும். ரெக்ஸினும் பாலியெஸ்டர் நூலும் மக்காது, துளையும் அடையாது. இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும். அவர் தையல் மேல் மெழுகு தேய்த்துக் கொடுத்தார். நடுவில் குறுக்காக ஒரு பட்டை வைத்துத் தைத்ததும் தொந்தி நின்றது.

தூசிக்குத்தான் வழியில்லை. வேகமாகப் போகும்போது வண்டியின் பின்னால் காற்று வெற்றிடம் போலாகி, சாலைப் புழுதியையும் புகையையும் பின்திறப்பு வழியே உள்ளே இழுக்கிறது. தில்லியின் நவம்பர் காற்றில் அது தாங்க முடியாதது. அந்த மாதத்தில் நான் வண்டியை எடுப்பதில்லை, மெட்ரோதான். வெயிலும் முழுக்க மறைவதில்லை. காலை ஒன்பது மணி வெயில் கூரைக்கடியில் புகுந்து மடியில் உட்கார்ந்துகொள்ளும். உச்சியில்தான் நிழல் என் மேல் நேராக விழும். இவற்றோடு பழகிக்கொண்டேன். ஏசி வண்டிக்குள் எனக்குக் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது: மார்ச்சில் இலவ மரத்துச் சிவப்புப் பூ, ஜூலையில் முதல் மழையின் மண்வாசனை, வருடம் முழுக்கத் தெருவின் குரல்கள்.

2027-ல் வண்டிக்குப் பதினைந்து வயது. தில்லியில் பெட்ரோல் வண்டிக்கு விதிக்கப்பட்ட கெடு அதுதான். அதன் பிறகு என்ன ஆகும் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. ஹுட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொள்வேன்.

போன ஜூனில், மாலை நான்கு மணி இருக்கும், தௌலா குவான் சிக்னலில் நின்றிருந்தேன். மேற்கு வெயில் என் வலப்பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. இடப்பக்கம் ஒருவர் ஸ்கூட்டரைக் காலால் உந்தி உந்தி நகர்த்திக்கொண்டு என் வண்டியை ஒட்டி வந்தார். முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தையின் தலை ஹுட்டின் நிழலுக்குள் வந்ததும் நிறுத்தினார். விளக்கு பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் கிளம்பட்டும் என்று நான் ஒரு கணம் காத்திருந்தேன்.