பூவரசங்குளத்து விரால்

வவுனியாவிலிருந்து மன்னார் வீதி வழியே மேற்கு நோக்கிச் சென்றால் பூவரசங்குளத்தை அடையலாம். மரமும் குளமும் சேர்ந்து பெயரிட்ட ஊர். மார்கழி விடுமுறையில் என் மகனுடன் அங்கே சில நாள் தங்கியிருந்தேன். மாரிமழை ஓய்ந்து, குளம் வான் பாயும் அளவுக்கு நிறைந்திருந்தது.

தூண்டிலும் கையுமாய்க் குளக்கட்டில் நின்ற மகன், "அப்பா, இங்கே ட்ரவுட் பிடிபடுமா?" என்று வினவினான். ஏதோ ஒரு நூலில் அம்மீனைப் பற்றிப் படித்திருந்தான்.

ட்ரவுட் நம் நாட்டு மீனன்று. ஆங்கிலேயர் தம் தூண்டில் விளையாட்டுக்காக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொணர்ந்து மலையோடைகளில் விட்டது. அவற்றுள் வானவில் ட்ரவுட் இன்றும் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் வாழ்கிறது. பக்கத்தில் இளஞ்சிவப்புப் பட்டை, உடலெங்கும் கரும்புள்ளிகள், வாலுக்குச் சற்று முன்னே முதுகில் சிறியதொரு கொழுப்புத் துடுப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். குளிர்நீர்தான் அதற்கு உயிர். 10 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 11 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான். வன்னிக் குளத்து வெந்நீரில் ட்ரவுட் மூச்சுத் திணறி மடிந்துவிடும்.

இங்கே அரசு செலுத்துவது விரால். பாம்பை ஒத்த தலை, உருண்டு நீண்ட உடல், பிடரியிலிருந்து வாலடிவரை ஓடும் ஒரே முதுகுத் துடுப்பு ஆகியவற்றைக் கொண்டு அதனை எளிதில் அறியலாம். நீர் மட்டத்துக்கு வந்து காற்றையே சுவாசிக்கும். குளம் வற்றினாலும் ஈரச் சேற்றுள் புதைந்து உயிர் தாங்கும்.

இதனை நான் விளக்கிக்கொண்டிருக்கையில், கரையோரப் புற்களிடையே செந்நிறத் திரளொன்று நீரில் மிதந்து வந்தது. நூற்றுக்கணக்கான குஞ்சுகள்! மகன் ஆவலுடன் தூண்டிலை ஓங்கினான்.

"தம்பி, அதிலை போடாதை. தாய் நிக்குது" என்றார் அருகே மாடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர்.

"அப்பு, குஞ்சைப் பிடிக்க இல்லை, பெரிய மீனைத்தான்" என்றான் அவன்.

"அதைத்தான் சொல்லுறன். இப்ப எதைப் போட்டாலும் அது பாயும். பசியிலை இல்லை, கோவத்திலை. அதைத் தூக்கினால் இவ்வளவும் கொக்குக்கும் மற்ற மீனுக்கும் இரைதான்."

அவர் கூறியது முற்றிலும் உண்மை. ட்ரவுட் ஆற்றுப் பரலுக்குள் முட்டையைப் புதைத்துவிட்டு அகன்றுவிடும். விராலோ ஆழமற்ற நீரில் பாசியை விலக்கி இடம் அமைத்து, முட்டை பொரித்த பின்னும் குஞ்சுகளைப் பல நாள் காவல் செய்யும். அந்தக் காவலே அதனைத் தூண்டிலுக்கு எளிய இரையாக்குகிறது. அவ்வேளையில் ஒன்றைப் பிடித்தால், ஒரு வேளைக் கறிக்காக ஒரு தலைமுறையையே இழக்கிறோம். துடுப்பையும் நிறத்தையும் கொண்டு மீனை இனங்காண என் மகனுக்குக் கற்பித்தேன். எப்போது அதனைப் பிடிக்கலாகாது என்பதை அவனுக்கும் எனக்கும் அம்முதியவரே கற்பித்தார்.

மகன் தயங்கித் தயங்கி நூலைச் சுற்றினான். அவன் முகவாட்டத்தைக் கண்ட முதியவர், "ஆடியிலை வா, தம்பி. தண்ணி வத்தியிருக்கும். கரப்புக் குத்தப் பழக்கிவிடுறன்" என்றார்.

செந்நிறத் திரள் மெல்ல நகர்ந்து தாமரை இலைகளுக்கு அப்பால் மறைந்தது. அதன் கீழே கருநிழலொன்றும் கூடவே சென்றதை இருவரும் கண்டோம்.