ஓரட்டையுள் அடங்காத உலகம்

பிற நாட்டாரின் பண்பாட்டைச் சிறுவர்க்கு அறிமுகஞ் செய்வதற்கு விளையாட்டைத் துணைக்கொள்ளுதல் நல்லதொரு முயற்சியாகும். விலைகொடுத்து விளையாட்டுப் பொருள் வாங்கும் வசதியற்ற வீடுகளிற்கூட, பழைய பிஸ்கற் பெட்டியும் கத்தரிக்கோலும் வர்ணப் பென்சிலும் இருந்தால் உலகத்தை மேசைமீது பரப்பிவிடலாம். ஆயின், அவ்வாறு பரப்பப்படும் உலகம் எத்தகையது என்பதே சிந்தித்தற்குரியது.

இவ்வகை விளையாட்டுக்களுட் பெரிதும் பயில்வது சோடி சேர்க்கும் அட்டை விளையாட்டாகும். ஓரட்டையில் நாட்டின் பெயர். மற்றோரட்டையில் அந்நாட்டு உடை. யப்பானுக்குக் கிமோனோ, ஸ்கொத்லாந்துக்குக் கட்டமிட்ட ஆண் பாவாடை, ஒல்லாந்துக்கு மரச்செருப்பு. பிள்ளை விரைவிற் கற்றுக்கொள்ளும். கூடவே, ஒரு நாட்டினர் யாவரும் ஒரே உருவினர் என்னும் எண்ணத்தையும் அது கற்றுக்கொள்ளும்.

விடுமுறைக்கு வீடு வந்த தமக்கை ஒருத்தி பத்து வயதுத் தம்பிக்காக இத்தகைய அட்டைகளைச் செய்துகொண்டிருந்தாள். இருபது நாடுகள் முடிந்தன. "எங்கட நாட்டுக்கு எந்தப் படம் அக்கா கீறுறது?" என்று கேட்டான் தம்பி. ஒசரி உடுத்த கண்டிப் பெண்ணொருத்தியை அவள் கீறத் தொடங்கினாள். "அம்மா இப்பிடி உடுக்கிறேல்லையே" என்றான் அவன். தாயைக் கீறினால், அயல் வீட்டு முஸ்லிம் தாயாரை எங்கே சேர்ப்பது? தேயிலைத் தோட்டத்துப் பெண்ணை எங்கே சேர்ப்பது? கண்டிப் பெண்ணைத்தான் எப்படி விலக்குவது? ஓரட்டையுள் அடங்காத நாட்டிற் பிறந்த பிள்ளைக்கு, ஏனைய நாடுகள் யாவும் ஓரட்டையுள் அடங்குமெனக் கற்பித்தல் எங்ஙனம் பொருந்தும்?

இவ்விடரினின்று நீங்க ஒரு வழியுண்டு. பிறரைப் பற்றிய விளையாட்டை விடுத்து, பிறர் ஆடும் விளையாட்டையே ஆடுதல் அவ்வழியாகும். குழிகளில் விதையிட்டு ஆடும் ஆட்டம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தமிழர் அதனைப் பல்லாங்குழி என்பர். சிங்கள மக்கள் ஒலிந்த கெலிய என்பர். மலாய் மக்களிடம் அது சொங்கக், பிலிப்பைனிற் சுங்கா, கானாவில் ஓவாரே, கிழக்காபிரிக்கச் சுவாஹிலி மக்களிடம் பாவோ. கசாக்கியரும் கிர்கிசியரும் துருக்கியரும் ஆடும் இவ்வின ஆட்டங்களை யுனெஸ்கோ 2020 ஆம் ஆண்டில் மானிடத்தின் புலனாகா மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

இவற்றை ஆக்குதற்குச் செலவில்லை. 30 முட்டை கொள்ளும் காகிதத் தட்டிலிருந்து ஆறு குழிகொண்ட இரு வரிசைகளை வெட்டி, குழிக்கு 4 ஆக 48 புளியங்கொட்டைகளை இட்டால் ஓவாரே ஆயத்தமாகிவிடும். பல்லாங்குழிக்கு வேண்டிய 14 குழிகளுக்கு முற்றத்து மணலே போதும். பாவோவுக்கு 4 வரிசைகளில் 32 குழிகளும் 64 விதைகளும் வேண்டும். குன்றிமணி கண்ணைக் கவருமாயினும் நச்சு விதையாதலாற் சிறுவர் கையிற் கொடுத்தலாகாது.

ஆடத் தொடங்கியதும் கல்வியுந் தொடங்குகிறது. பல்லாங்குழியில் ஒரு குழியில் 4 விதைகள் சேர்ந்தால் அது 'பசு', குழிக்குரியவர் எடுத்துக்கொள்வர். அவ்வழக்கத்தோடு ஓவாரே ஆட அமரும் பிள்ளையின் கை, நான்கைக் கண்டதும் தானாகவே நீளும். அங்கே அது செல்லாது. எதிராளியின் குழியில் இறுதி விதை விழுந்து, அங்குள்ள தொகை 2 அல்லது 3 ஆனாலே விதைகளைக் கைப்பற்றலாம். எதிராளியின் குழிகள் யாவும் வெறுமையானால், இயலுமாயின் அவருக்கு விதை சேரும்படி ஆடவேண்டும் என்பதும் அவ்வாட்டத்தின் விதி. பாவோவிலோ கைப்பற்றிய விதைகள் மீண்டும் ஆட்டத்திற்கே வந்துசேரும். ஒரு விதியைக் கொண்டு ஒரு மக்களின் இயல்பை அளந்துவிடுதல் மீண்டும் அட்டை கீறும் வேலையேயாகும். எனினும், தனக்குப் பழகிய ஒழுங்கு உலகின் ஒரே ஒழுங்கன்று என்பதை நீண்ட கை மடங்கும் அக்கணத்திற் பிள்ளை உணர்கிறது.

இவ்வாட்டத்தின் வரலாறும் சிறுவர்க்குச் சொல்லத்தக்கது. அடிமைகளாக அத்திலாந்திக்கைக் கடத்திச் செல்லப்பட்ட ஆபிரிக்க மக்களிடம் உடைமை ஏதும் எஞ்சவில்லை. விதிகளை நினைவிற் கொண்டிருந்தமையால், மேற்கிந்தியத் தீவாகிய அன்ரிகுவாவில் அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் 'வாரி' என்னும் பெயரில் இவ்வாட்டத்தை ஆடுகின்றனர். நிலத்தில் தோண்டிய குழியும் பொறுக்கிய விதையும் போதுமானவையாதலின், இதனைப் பறிக்க எவராலும் இயலவில்லை.

அயற்கண்டங்களை அறிவது ஒருபுறமிருக்க, இத்தீவிலேயே இவ்வாட்டத்திற்குச் செய்தற்குரிய பணியொன்றுண்டு. ஒலிந்த கெலியவும் 14 குழிகளில் ஆடப்படுவது. தமிழ்ப் பிள்ளையொன்றும் சிங்களப் பிள்ளையொன்றும் ஒரே பலகையின் இருபுறத்தும் அமரலாம். ஆயினும் உடனே ஆடிவிட இயலாது. குழிக்கு எத்தனை விதை, எப்போது நிறுத்துவது, எவர் எடுப்பது என்பனவற்றை முதலிற் பேசி இணங்கவேண்டும். அதற்கு ஒருவர் மொழியை மற்றவர் சிறிதேனும் கேட்டாகவேண்டும். விதிகளை இருவருங்கூடி வகுத்த பின்னரே முதல் விதை குழியில் விழும்.