மூசாராம்பாக் தாண்டி

பஞ்சாகுட்டாவில் ஏறினார்கள். ஞாயிறு மத்தியானம், எல்.பி. நகர் போகும் ஐதராபாத் மெட்ரோ. எனக்கு எதிர் சீட்டில் தாயும் மகளும். பெண்ணுக்குப் பதினாறு, பதினேழு இருக்கும். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா கைப்பையிலிருந்து ஒரு தாளையும் கட்டைப் பென்சிலையும் எடுத்தார்.

"மள்ளீ செப்பு" என்றார். மறுபடி சொல்லு.

"ஸ்வா. ஸ்வா. ஸ்வா."

அம்மா தாளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ஒரே சொல்லை மூன்று முறை சொல்லி ஏமாற்றுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ. தாளில் முதலிரண்டும் எஸ்ஸில் முடிகின்றன, மூன்றாவது டியில். நான்காவதாக 'ஸ்வாயோன்', ஐந்தாவதாக 'ஸ்வாயே'. ஆறாவது ஈ-என்-டி என்று நீண்டு கிடக்கிறது. அதற்கும் வாயில் வெறும் 'ஸ்வா'தான்.

எனக்குப் புரிந்தது, ஒரு பிரெஞ்சு வினைச்சொல்லின் ஆறு வடிவங்கள். சென்னையில் பிளஸ் டூவில் நானும் பிரெஞ்சு எடுத்தவன், மார்க்குக்காக. இங்கே இன்டரில் சமஸ்கிருதமோ பிரெஞ்சோ எடுத்தால் மார்க் கொட்டும் என்று பெற்றோர் பேசிக்கொள்கிற அதே கணக்கு. பரீட்சை முடிந்த மறுநாளே மொழியும் போய்விட்டது. என் பெயர் இன்னது என்று சொல்ல மட்டும் இன்றைக்கும் வரும்.

இவள் அந்த ரகமில்லை. நோட்டு அட்டையில் 'டெல்ஃப் பி2' என்று எழுதியிருக்கிறது. பிரான்ஸ் கல்வி அமைச்சகம் தருகிற சான்றிதழ். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் இருபத்தைந்து இருபத்தைந்து மார்க். மொத்தம் ஐம்பது வாங்கினால் தேறலாம். ஆனால் எந்த ஒன்றிலும் ஐந்துக்குக் கீழே போனால் அவ்வளவுதான். பேச்சுத் தேர்வில் ஒரு சிறு செய்தியைக் கையில் கொடுத்து அரை மணி நேரம் யோசிக்க விடுவார்கள். பிறகு இருபது நிமிடம் தன் கருத்தைச் சொல்லி, எதிர்க்கேள்விக்கும் ஈடுகொடுக்க வேண்டும். தாய்மொழியிலேயே இருபது நிமிடம் ஒரு கருத்தில் நிற்க எத்தனை பேரால் முடியும்?

நாம்பள்ளி வந்தபோது தாள் மாறியிருந்தது. ஒரு கடிதம், பள்ளி முதல்வருக்கு. அம்மா முதல் வரியை எழுத்துக் கூட்டினார்.

"மான்ஸியூர்..."

"அம்மா! மொஸ்யே."

"என் எங்கே போச்சு? ஆர்?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது."

எழுதியதை எழுதியபடியே படிக்கிற தெலுங்கில் வளர்ந்தவருக்கு இது அநியாயமாகத்தான் பட்டிருக்கும். ஆனாலும் அவர் விடவில்லை. பழைய தாளை மேலே வைத்துக்கொண்டு, மகள் சொல்லச் சொல்ல பென்சிலால் ஏதோ செய்துகொண்டே வந்தார். மகள் ஒரு வரியைத் தாண்டினால் பென்சில் நின்றது. "அஞ்சுதான் வந்தது, ஆறு இருக்கு" என்றார். அர்த்தம் தெரியாமலே கண்டுபிடித்துவிடுகிறார்.

மூசி ஆறு கடந்தது. மலக்பேட்டை, நியூ மார்க்கெட். அடுத்தது மூசாராம்பாக் என்று அறிவிப்பு வந்தது. இருவரும் நிமிரவில்லை.

அந்தப் பெயருக்குக் காரணமானவர், 1775-ல் கடை வைக்கலாம் என்று நம் புதுச்சேரியில் வந்திறங்கிய பிரெஞ்சுக்காரர் மிஷேல் ரேமோன். வியாபாரத்தை விட்டுப் படைக்குப் போனார். கடைசியில் ஐதராபாத் நிஜாமின் தளபதி ஆனார். 1798 மார்ச்சில் இறந்தார். இந்தப் பக்கத்துக் குன்றில்தான் சமாதி. முஸ்லிம்களுக்கு அவர் மூசா ரஹீம், இந்துக்களுக்கு மூசா ராம். 'மொஸ்யே ரேமோன்' என்பதைக் காதால் கேட்டவர்கள் வைத்த பெயர் அது. எழுத்துக் கூட்டிப் படித்திருந்தால் இந்த ஸ்டேஷன் மான்ஸியூர்பாக் ஆகியிருக்கும். அதே வருடம் அக்டோபரில் ஆங்கிலேயர்கள் அவருடைய படையின் ஆயுதங்களைப் பறித்துக் கலைத்தார்கள். அது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால், இந்தப் பெண் இன்று இங்கிலீஷுக்கு டியூஷன் போய் வந்துகொண்டிருப்பாளோ?

சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. கதவு மூடிக்கொண்டது. சொல்லவில்லை.

"தா, பார்க்கிறேன்" என்று மகள் தாளை வாங்கினாள். பார்த்ததும் முகம் மாறியது. சத்தம் வராத எழுத்தையெல்லாம் அம்மா ஒவ்வொன்றாகப் பென்சிலால் அடித்து வைத்திருந்தார். சரிபார்க்க வசதியாக.

"ஐயோ அம்மா, எழுதும்போது இதெல்லாம் வேணும். விட்டா மார்க் போயிடும்!"

"சொல்லக் கூடாது, ஆனா எழுதணுமா?"

"ஆமா."

அம்மா ஒரு நிமிடம் மகளையே பார்த்தார். பிறகு அவளுடைய பென்சில் பெட்டியைத் திறந்து ரப்பரை எடுத்தார். தில்சுக்நகர் வருவதற்குள் பாதிதான் அழிக்க முடிந்தது. கதவு திறந்தபோது இரண்டு பேரும் எழுந்தார்கள். மடியில் கிடந்த ரப்பர் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே அம்மா இறங்கினார்.