தலைகளும் தொப்பிகளும்

மேஜைமேல் யுத்தம் ஆடுகிறவர்கள் என்றொரு ஜாதி உண்டு என்று எனக்குத் தெரியவந்தது எச்.ஜி. வெல்ஸ் மூலம். 1913இல் அவர் எழுதிய 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு நூல், ஈயப் பொம்மைச் சிப்பாய்களையும் ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கிகளையும் கொண்டு சண்டை போடுவதற்கான விதிகளைச் சொல்வது. நிஜ யுத்தத்தைவிட இந்தக் குட்டி யுத்தம் எவ்வளவோ மேல் என்பது அவர் கட்சி. மறு வருஷம் நிஜமானது வந்தபோது, யுத்தத்தையே முடித்துவைக்கப்போகும் யுத்தம் இது என்று அதை ஆதரித்து எழுதியவரும் அவர்தான். இந்த முரண் அந்த விளையாட்டை விட்டு இன்றும் போகவில்லை. இப்போது அதைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

என் அத்தை மகன் பென்சில்வேனியாவில் இருக்கிறான். இந்த ஆட்டத்தில் ஊறிப்போனவன். ஹிஸ்டாரிகான் என்று வருஷா வருஷம் அங்கே கூடும் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறான். பெரிய கூடத்தில் வரிசையாக மேஜைகள். ஒன்றில் வாட்டர்லூ, அடுத்ததில் கெட்டிஸ்பர்க், அதற்கும் அடுத்ததில் ஸூடான். அவன் அனுப்பும் படங்களில் போர்களைவிட என் கண்ணில் படுவது மேஜையைச் சுற்றி நிற்கும் நடுவயது ஆண்களின் தலைகள்தான். தொப்பை, மூக்குக் கண்ணாடி, அரைக்கால் சட்டை, அதற்கு மேலே நெப்போலியன் காலத்துக் குறுக்குத் தொப்பி. அல்லது உச்சியில் ஈட்டிமுனை வைத்த பிரஷ்யத் தொப்பி, பிளாஸ்டிக்கில். ஏன் என்று கேட்டால் வெகு சாதாரணமாகச் சொல்கிறான்: ஆட்டத்தை நடத்துபவர் யார் என்று புதிதாக வருகிறவனுக்குத் தெரிய வேண்டாமா, பகடையில் தகராறு வந்தால் யாரைக் கேட்பது? நியாயம்தான். ஆனால் அதற்குச் சட்டையில் ஒரு அட்டையைக் குத்திக்கொண்டால் போதும்.

வேறு காரணம் மேஜைமேல் இருக்கிறது என்று நினைக்கிறேன். பொம்மைகளில் பல 15 மில்லிமீட்டர் உயரந்தான். அந்த அளவில் முகம் என்பது சதை நிறத்தில் ஒரு பொட்டு. மீசை எழுதக்கூட இடமில்லை. இவன் பிரெஞ்சுக்காரன், இவன் ஆங்கிலேயன் என்று தெரிவிப்பது தொப்பி. ஆகவே சாயம் பூசுகிறவன் தொப்பியில்தான் உயிரை விடுகிறான். நிஜப் படைகளின் கதையும் இதிலிருந்து ரொம்ப தூரமில்லை. வெடிமருந்துப் புகைக்கு நடுவே தளபதிக்குத் தூரத்தில் தெரிந்தவை தொப்பிகள். கரடித்தோல் தொப்பி சிப்பாயை உயரமாகக் காட்டியது. கூடவே அவனுக்கென்று ஒரு முகம் உண்டு என்பதையும் மறக்கச் செய்தது. இந்தப் பின்னணியில், தொந்தியும் சிரிப்புமாகத் தொப்பிக்குக் கீழே ஒரு முகம் தெரிவது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

எங்கள் கிளையில் துப்பாக்கியோடு நிற்கும் காவலர் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். படங்களை அவரிடம் காட்டினேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "ஒருத்தருக்கும் அளவு சரியில்லையே சார்" என்றார். "தொப்பி கோணினா எங்கள மைதானத்த சுத்தி ஓட விடுவாங்க." பிறகு டோக்கன் கேட்டு வந்த கிழவியைக் கவனிக்கப் போய்விட்டார்.

எந்தத் தொப்பி வேடிக்கையாகும் என்பது லேசான கேள்வியல்ல. ஈட்டிமுனைத் தொப்பி 1842இல் பிரஷ்யாவில் வந்தது; 1916இல் எஃகுக் கவசம் அதை ஒதுக்கியது. முன்னது இன்று கோமாளிப் பொருள். பின்னதை நான் பார்த்த படங்களில் ஒரு தலையிலும் காணோம். சிவப்புக் குஞ்சத் தொப்பி, ஃபெஸ், தாராளமாகக் கிடைக்கிறது. தலைப்பாகையை ஒழிக்க 1829இல் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் புகுத்தியது அது. 1925இல் துருக்கிக் குடியரசு அதையே சட்டம் போட்டுத் தடுத்தது. ஐரோப்பியத் தொப்பிக்கு எதிராக எழுதிய இஸ்கிலிப்லி ஆத்திஃப் என்ற மத அறிஞரை 1926 பிப்ரவரியில் தூக்கிலிட்டார்கள். மேஜையோரத்தில் ஃபெஸ் போட்டு நிற்பவருக்கு இது தெரிந்திருக்கலாம். சரித்திரத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் அவர்கள். தெரிந்தும் சிரிக்க முடிகிறது என்பதுதான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது.

துரைமார் தொப்பி இன்னும் நெருக்கமானது. ஸூடானோ ஜூலுலாந்தோ ஆடுகிறவர் தலையில் அநேகமாக அதுதான். இன்று விற்பவற்றில் பல வேறு பொருளில் செய்தவை. அசலானது நெட்டியில் செய்தது. நம் குளங்களில் வளரும் அதே நெட்டி. மாட்டுப்பொங்கலுக்கு மாலையாகிறது, தஞ்சாவூர்க் கைவினைஞர் கையில் கோபுரமாகிறது. வெள்ளைக்காரன் மண்டையை நம் வெயிலிலிருந்து காத்ததும் அதுவே. அந்தத் தொப்பியைக் கேலியாக அணிகிறவன் தன் தாத்தாவைக் கேலி செய்கிறான். அது அவன் உரிமை. எதிர்ப்பக்கத்துப் பொம்மைகளுக்குத் தாத்தாக்கள் உண்டா என்ற கேள்வி ஆட்ட விதிகளில் இல்லை.

நம்மில் சிலர் கவிதையில் செய்கிற கேலியும் இப்படிப்பட்ட தொப்பிதான். நான் நிஜமாகச் சொல்லவில்லை என்ற ஜாடை முதல் வரியிலேயே தலையில் ஏறிவிடுகிறது. பிறகு எதற்கும் பொறுப்பில்லை.

அத்தை மகனுக்கு இப்போது வேலூர்மேல் ஆசை வந்திருக்கிறது. சென்னைப் படையின் தளபதி சர் ஜான் க்ராடக் காலத்தில், தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையைச் சிப்பாய்கள் அணிய வேண்டும் என்று உத்தரவாயிற்று. நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது. முகத்தில் ஆளைக் காட்டுவது எதுவோ அது கூடாது. மறுத்தவர்களுக்குக் கசையடி. 1806 ஜூலை 10 விடிவதற்குள் கோட்டையில் சுடத் தொடங்கிவிட்டார்கள். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கினார். செத்த சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில். தலைப்பாகை உத்தரவு வாபஸாயிற்று. க்ராடக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

கோட்டையை அட்டையில் செய்யத் தொடங்கிவிட்டானாம். போன ஞாயிறு போனில் கூப்பிட்டு, "மச்சான், அந்தத் தலைப்பாகை எப்படி இருந்ததுன்னு ஒரு படம் அனுப்பு. பொம்மைக்கு மட்டுமில்ல, எனக்கும் ஒண்ணு தைக்கணும்" என்றான்.

"தோல் வச்சா தைப்பே?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ரெக்ஸின் போதும்" என்றான்.