குளத்தூரில் கேட்ட பழைய குரல்கள்

குளத்தூர் என்றவுடன் வாசகர் பலருக்கு மாயூரம் வேதநாயகம் பிள்ளை நினைவுக்கு வருவார். ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ இயற்றிய அப்பெரியார் 1826-இல் பிறந்தது திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் குளத்தூரில். நான் சென்று வந்தது வேறொரு குளத்தூர். தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்தில், கடலுக்கு அண்மையில் இருந்தும் மழையை நம்பியே வாழும் கரிசற் காட்டு ஊர். அங்கே ஒரு வீட்டில் பழைய ஒலிநாடாக்களைக் காப்பாற்றி வருகிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டுப் புறப்பட்டேன்.

பயணம் கோவில்பட்டியில் தொடங்கியது. நாகசுர மேதை காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த ஊர் இது. 1921-இல் பிறந்து 1964-இல் மறைந்த அவர் இவ்வுலகில் இருந்தது நாற்பத்து மூன்று ஆண்டுகளே. ஆயினும் 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்த அவருடைய நாகசுரத்தை இன்றைய சிறுவரும் கேட்கின்றனர். திரைப்படத்திற்கு வெளியே, மேடையில் மணிக்கணக்காக அவர் வாசித்ததிலும் ஒரு பகுதி நமக்குக் கிடைக்கிறது. அக்கச்சேரிகளை ஒலிநாடாவில் பிடித்தவர்களும், அவற்றைக் கைமாற்றிக் காத்துவந்த இரசிகர்களுமே அதற்குக் காரணம்.

பேருந்து கிழக்கு நோக்கிச் சென்று எட்டயபுரத்தில் நின்றது. பாரதியார் பிறந்த ஊர் என்று எல்லாரும் அறிவர். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் உயிர் நீத்ததும் இங்கேதான். ஒலிப்பதிவு என்பதே இல்லாத அக்காலத்தில் அவருடைய கீர்த்தனைகள் சீடர்களின் தொண்டையில் மட்டுமே வாழ்ந்தன. அவற்றை ஏட்டில் ஏற்றவேண்டுமென்று வருந்தி உழைத்தவர்களுள் ஒருவர் ஏ. எம். சின்னசாமி முதலியார். கத்தோலிக்கரான அவர் சென்னையில் அரசுப் பணி பார்த்தவர். நம் நாட்டு இசையை மேனாட்டுச் சுரக்குறியில் அச்சிடக் கைப்பொருளைச் செலவிட்டவர். தீட்சிதர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் தம்மிடமுள்ள இசைச் செல்வத்தை வெளியிட வேண்டும் என்று எட்டயபுரம் மன்னரிடம் அவர் வேண்டிக்கொண்டார். அதன் பயனாக 1904-இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ எட்டயபுரத்திலேயே அச்சாயிற்று. முத்துசுவாமி தீட்சிதரின் இருநூற்றுக்கும் மேற்பட்ட கீர்த்தனைகள் அந்நூலில் சுரக்குறியுடன் உள்ளன. ஒருவர் கேட்டார், மற்றொருவர் கொடுத்தார், வேறொருவர் பொருளுதவி செய்தார். மூவரில் ஒருவர் பின்வாங்கியிருந்தாலும் நமக்கு எவ்வளவு இழப்பு!

அந்த இழப்பு எத்தகையது என்பதை அடுத்த ஊர் உணர்த்திற்று. வைப்பாற்றங்கரையிலுள்ள விளாத்திகுளத்தில் நல்லப்பசாமி என்னும் இசைப் பெரியார் வாழ்ந்தார். விளாத்திகுளம் சுவாமிகள் என்றே மக்கள் அவரை அழைத்தனர். 1889-இல் பிறந்து 1965-இல் மறைந்தவர். ஒரே இராகத்தை எடுத்து இரவெல்லாம் பாடுவாராம். வயற்காட்டுப் பாட்டையும் கச்சேரி இசையையும் ஒருங்கே அறிந்தவராம். ‘பாடுவாராம்’, ‘அறிந்தவராம்’ என்றுதான் எழுதவேண்டியிருக்கிறது. அவர் வாழ்ந்த காலத்தில் கிராமபோன் இருந்தது, வானொலி இருந்தது. எனினும் அவர் இசையைப் பற்றி நமக்கு எஞ்சியிருப்பது பெரும்பாலும் கேட்டவர்கள் சொன்ன சொல்லே.

இதே வட்டாரத்தைச் சேர்ந்த எஸ். எஸ். போத்தையா ஊர் ஊராக அலைந்து நாட்டுப் பாடல்களைத் திரட்டினார். பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த தொகுப்புகளுக்கு அவர் போன்றோர் உழைப்பே உரமாயிற்று. அதனால் பாடலின் சொல் பிழைத்தது. களையெடுக்கும் பெண் மூச்சை எங்கே நிறுத்தினாள், எந்த எழுத்தை நீட்டினாள் என்பதைக் காகிதம் சொல்லுமா?

விளாத்திகுளத்திலிருந்து தெற்கே குளத்தூர். வழிநெடுகப் பருத்தியும் மிளகாயும் உளுந்தும் விளையும் நிலம். தரிசாய்க் கிடக்கும் இடமெல்லாம் சீமைக்கருவேல். கோடையில் வெடித்து வாய் பிளந்து நிற்கும் அம்மண், ஐப்பசி மழையில் காலை விடாமல் பற்றிக்கொள்ளும்.

நான் தேடிச் சென்ற பெரியவர் ஒருகாலத்தில் சுற்றுவட்டாரத்துத் திருமணங்களுக்கும் கோயில் கொடைகளுக்கும் ரேடியோ செட் போட்டவர். குழாய் ஒலிபெருக்கிகள் துருப்பிடித்துத் தொழுவத்தில் கிடக்கின்றன. நாடாக்களை மட்டும் தகரப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருக்கிறார். வில்லுப்பாட்டு, நாகசுரம், நையாண்டி மேளம், ஒப்பாரி எனப் பலவகை.

“கொடை நடக்கையில் ஒரு நாடாவைப் போட்டு விடுவேன், தம்பி. விழாக்காரருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பிறகு கேட்பதற்கு ஆள் வரும் என்று அப்போது நினைக்கவில்லை” என்றார்.

இப்போது கேட்பவன் அவருடைய பேரன். நாடாக்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கணினியில் ஏற்றுகிறான். அரைமணி நேர அளவில் பிரித்து, இது எந்த ஊரில், எந்த விழாவில், யார் பாடியது என்று முன்னுரை சொல்லி, வலையொலியாக வெளியிடுகிறான். வலையொலி வானொலி நிகழ்ச்சியைப் போன்றதே. குறித்த நேரத்திற்குக் காத்திராமல், வேண்டும்போது கைப்பேசியில் கேட்டுக்கொள்ளலாம் என்பதே வேறுபாடு. விளம்பரமும் இல்லை, வருமானமும் இல்லை.

வேலை எளிதன்று. தொண்ணூறு நிமிட நாடாவை ஏற்ற முழுமையாகத் தொண்ணூறு நிமிடம் ஆகும்; விரைவுபடுத்த இயலாது. வெப்பமும் ஈரமும் நாடாவின் பகைவர். பூஞ்சை பிடித்ததை ஓடவிட்டால் கருவியும் கெடும். ஒலியைச் சுருக்காமல் முழு அளவில் ஒரு படி எடுத்து, அதை இரண்டு இடங்களில் வைக்கிறார்கள். மூல நாடாவை எறிவதில்லை.

ஒரு வில்லுப்பாட்டை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். கதை உச்சத்தை எட்டும் வேளையில் பாட்டு நின்று, “இன்னார் வழங்கிய அன்பளிப்பு ரூபாய் ஐந்து” என்று ஓர் அறிவிப்பு வந்தது. பேரன் அதை வெட்டிவிட எண்ணினானாம். தாத்தா தடுத்துவிட்டார். அந்த ‘இன்னார்’ மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய மகள் வெளியூரிலிருந்து அந்நிகழ்ச்சியைக் கேட்டு, அறிவித்த குரல் தன் தகப்பனாருடையதே என்று தொலைபேசியில் அழுதாராம். கொடுத்தவரே ஒலிபெருக்கியை வாங்கித் தம் பெயரைத் தாமே சொல்லியிருக்கிறார்!

எல்லாவற்றையும் வெளியிட்டுவிடலாமா என்று கேட்டேன். கூடாது என்றான் பேரன். பாடியவரையோ அவர் குடும்பத்தாரையோ தேடிச் சென்று இசைவு பெறுகிறான். மறுத்தால் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுகிறான். நிகழ்த்தும் கலைஞருக்கும் தம் நிகழ்ச்சியின்மீது உரிமை உண்டென்பதை நம் நாட்டுச் சட்டமே 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஏற்றுக்கொண்டது. துக்க வீட்டில் பதிவான ஒப்பாரிகளை அவன் இதுவரை வெளியிடவில்லை. அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

திரும்பும் வழியில் என் மனம் அமைதியுறவில்லை. என் பாட்டியார் தபசு காலத்தில் பாடும் பாடுகளின் பாட்டை என் தந்தையார் ஒரு நாடாவில் பதிந்து வைத்திருந்தார். பள்ளி மாணவனாயிருந்தபோது அதன்மேல் நான் சினிமாப் பாட்டைப் பதிந்துவிட்டேன். நாடாப் பெட்டியின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்திருந்தால் மேலே பதிய முடியாது. அது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பாட்டியார் குரல் போனது போனதுதான்.

நம் குடும்பங்களில் பங்குத் திருவிழா, புதுநன்மை, திருமணம் எனப் பதிந்த நாடாக்கள் எத்தனையோ பரணில் கிடக்கும். அவற்றை இறக்கிப் பாருங்கள். முதலில் அந்தப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். பாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு உறையின்மேல் எழுதுங்கள். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காறுகளுக்கென்றே ஓர் ஆய்வு மையம் உண்டு. அத்தகைய இடங்களை அணுகினால் வழி சொல்வார்கள். படியெடுக்கும் வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். குளத்தூரில் அதைச் செய்பவனுக்கு வயது இருபதுதான் இருக்கும்.