கூகைக்கு ஒரு குச்சி

சம்பா சூல் கட்டுற நேரத்துல எலி வெட்டு ஆரம்பிச்சிடும். தூரின் அடியில், அரிவாள் போட்ட மாதிரி சாய்வாக வெட்டிப் போட்டிருக்கும். அப்போது வயலுக்குள் ஆங்காங்கே குறுக்குக் கட்டை கட்டிய ஆளுயரக் குச்சிகளை நட்டு வைப்போம். பட்டணத்திலிருந்து வருகிறவர்கள், "இது என்ன, கொடிக் கம்பமா?" என்று கேட்பார்கள். இல்லீங்க, ராத்திரி கூகை வந்து உட்கார்றதுக்கு.

கூகைக்குக் கண்ணைவிடக் காதுதான் ஆயுதம். அதன் வெள்ளை முகம் முறம் மாதிரி சத்தத்தை வாரிக் காதுக்குள் தள்ளும். இரண்டு காதுத் துளையும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று மேலே, மற்றது கீழே. அதனால் எலி எந்தப் பக்கம், எவ்வளவு கீழே என்று இரண்டையும் கணித்துவிடும். அமெரிக்காவில் ரோஜர் பெய்ன் என்ற ஆய்வாளர் இருட்டறையில் காகித உருண்டையைச் சருகில் சரசரவென்று இழுத்துப் பார்த்தார். கூகை பாய்ந்து அதையும் பிடித்தது. வாடை வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம், சத்தம் போதும். சிறகு ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி இருப்பதால் பறக்கிற ஓசை எலிக்குக் கேட்காது.

எலியை முழுசா முழுங்கிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும். காலையில் குச்சியடியில் கிடப்பதை உடைத்தால் எலி மண்டையோடு இருக்கும். அதுதான் எங்களுக்குக் கணக்கு நோட்டு.

பக்கத்து வயல் தம்பிக்கு இதெல்லாம் பிடிக்காது. "ஏண்ணே, கோட்டான் கத்துனா சாவு விழும்னு சொல்வாங்களே?"

"விழுறது எலிக்குத்தான் தம்பி."

ஆனால் கூகைக்கே சாவு வருவது மருந்தால். புரோமாடியோலோன் கேக்கைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். ஓட முடியாத அந்த எலிதான் சுலபமாகச் சிக்கும். அதன் உடம்பில் இருக்கிற விஷம் கூகைக்குள்ளும் போகும். குச்சியையும் நட்டு, கேக்கையும் வைப்பது விருந்துக்குக் கூப்பிட்டு விஷம் வைக்கிற மாதிரி. எலி மிஞ்சிப் போனால் எங்க பக்கம் தஞ்சாவூர் கிட்டி வைக்கிறவரைக் கூப்பிடுவோம். கதிர் பால் பிடித்ததும் குச்சிகளைப் பிடுங்கிவிடுவோம், இல்லாட்டி நெல் தின்னும் குருவிகள் வந்து உட்காரும்.

கூகை வயலில் மட்டும் இல்லை. உங்க ஊர்ப் பழைய கட்டடப் பொந்துகளிலும் இருக்கு. மாடிப்படிக்குக் கீழே எலி கேக் வைக்கும்போது அதையும் கொஞ்சம் நினைச்சுக்குங்க.